டிசைன் வேலைக்கும் கேமுக்கும் ஒரே கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுவது?

சென்ற மாதம் ஒரு தந்தை நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கம்ப்யூட்டர் கடையில் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல் அது. மொத்தம் ஒன்றரை லட்சம் ரூபாய். மகன் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். திருமண அழைப்பிதழ், கடைகளுக்கான போஸ்டர், வீடியோ எடிட்டிங் என்று சிறு சிறு வேலைகளை இப்போதே எடுத்துச் செய்கிறார். "டிசைனுக்குன்னு சொல்றான். ஆனா கடைக்காரர் இதை கேமிங் பிசின்னு சொல்றாரு. இது படிப்புக்கா, விளையாட்டுக்கா? என்னை ஏமாத்துறது மகனா, கடைக்காரரா?" என்று கேட்டார்.

மகன் பொய் சொல்லவில்லை. முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங் ஆகியவற்றுக்குத் தேவைப்படும் பாகங்களும், இன்றைய பெரிய கேம்களுக்குத் தேவைப்படும் பாகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். கேம் ஆடும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது வீட்டில் பேசி முடிக்க வேண்டிய விஷயம். அதற்காக வலுவில்லாத கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தால் வேலைதான் கெடும், விளையாட்டு போனுக்கு மாறிவிடும்.

ஆனால் அந்தச் சீட்டில் கோளாறு இருந்தது. இன்டெல் கோர் ஐ9 14900கே என்ற மிக விலை உயர்ந்த பிராசஸர். அதைத் தாங்க எச்610 வகையைச் சேர்ந்த, வரிசையிலேயே மலிவான மதர்போர்டு. 16 ஜிபி ரேம், அதுவும் ஒரே குச்சியாக. 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு. "600 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் எழுதப்பட்ட, நிறுவனப் பெயரே இல்லாத பவர் சப்ளை. வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடிப் பெட்டி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் "ஐ9". அந்த ஒரு பெயரைக் காட்டிப் பணத்தை வாங்கி, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் மிச்சம் பிடித்திருந்தார்கள். இந்தப் பட்டியலை முன்வைத்தே, ஒவ்வொரு பாகத்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

முதலில் வேலை எது என்று முடிவு செய்யுங்கள்

"டிசைன்" என்பது ஒரே வேலை அல்ல. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இன்டிசைன் போன்றவை பெரும்பாலும் பிராசஸரின் ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையும், ரேம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் நம்பி இயங்குபவை. ஆட்டோகேடும் இதே இனம்தான். இவற்றுக்கு மட்டும் என்றால் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது காசைக் கரைப்பதாகும்.

வீடியோ எடிட்டிங் வேறு. டாவின்சி ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டின் மீதே சாய்ந்து நிற்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ரேமை விழுங்கும். எவ்வளவு கொடுத்தாலும் நிரப்பிக்கொள்ளும். பிரீமியர் புரோ இரண்டையும் கேட்கும். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் காட்சியை இறுதிப் படமாக வெளியெடுக்கும் 'ரெண்டர்' வேலை நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நிமிடங்களில் முடியும். இல்லாவிட்டால் இரவு முழுவதும் ஓடும். கேம்களில், கதையும் காட்சியும் நிறைந்த பெரிய கேம்கள் கிராபிக்ஸ் கார்டைக் கேட்கின்றன. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற போட்டி கேம்கள் பிராசஸரின் வேகத்தையும் கேட்கின்றன.

ஆகவே கடைக்குப் போகும் முன் பிள்ளையிடம் "எந்த மென்பொருளில் வேலை செய்கிறாய்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அழைப்பிதழும் போஸ்டரும் மட்டும் பதிலாக வந்தால் பட்டியலின் மொத்தமே பாதியாகக் குறையும்.

நாம் பார்த்த மகனின் பதில் "பிளெண்டர், பிரீமியர், ஃபோட்டோஷாப்" என்பது. அப்படியானால் பணம் போக வேண்டிய முதல் இடம் கிராபிக்ஸ் கார்டு.

கிராபிக்ஸ் கார்டு: பெயரை விட நினைவகம் முக்கியம்

கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்று தனி நினைவகம் உண்டு. இதை விரேம் என்பார்கள். ரெண்டர் செய்ய வேண்டிய காட்சி இந்த நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் சரிந்துவிடும், அல்லது வேலை பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். ரேமைப் போல இதைப் பின்னால் கூட்டிக்கொள்ள வழியே இல்லை. வாங்கும்போது எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான்.

இதை விளக்க ஒரே கார்டு போதும். என்விடியா 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டு வகையில் வருகிறது: 8 ஜிபி, 16 ஜிபி. இரண்டிலும் உள்ளிருக்கும் சில்லு ஒன்றே, பெயரும் ஒன்றே. ஆனால் பெரிய கேமிலும் பெரிய பிளெண்டர் காட்சியிலும் 8 ஜிபி கார்டு திணறும் இடத்தில் 16 ஜிபி கார்டு நிம்மதியாக ஓடும். விளம்பரப் பலகையில் "5060 டிஐ" என்று மட்டும் போட்டு விலை குறைவாகக் காட்டினால், அது 8 ஜிபி ஆகத்தான் இருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தே பணம் கொடுங்கள். கேம் மட்டும் என்றால் அதே விலையை ஒட்டி வரும் ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டும் நல்ல தேர்வே. டிசைன் வேலையும் சேரும்போது நமது சாய்வு என்விடியா பக்கம். காரணம், 2007-ல் வெளியான க்யூடா என்ற அதன் தளத்தை ஒட்டியே பல ரெண்டர் மென்பொருள்கள் வளர்ந்தன. பிளெண்டரில் ஏஎம்டி கார்டும் வேலை செய்கிறது; ஆனால் என்விடியா கார்டில் உள்ள ஆப்டிக்ஸ் வசதி பெரும்பாலும் முந்திவிடுகிறது.

ஆர்டிஎக்ஸ் 5070 இன்னும் வேகமானது, ஆனால் நினைவகம் 12 ஜிபி. கேமுக்கு முன்னுரிமை கொடுப்பவர் அதை எடுக்கலாம். பெரிய காட்சிகளை ரெண்டர் செய்பவர், வேகம் சற்றுக் குறைந்தாலும் 16 ஜிபி உள்ளதை எடுப்பதே நல்லது என்பது நமது கருத்து.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தின் முறை மாறி, கிராபிக்ஸ் கார்டு வைத்து அதைத் 'தோண்டும்' வேலை ஒரே நாளில் இல்லாமல் போனது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியவை எல்லாம் கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும். அதை விட மோசமானது, பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி புதிய மாடலின் பெயரைக் காட்ட வைக்கும் மோசடி. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் இப்படிப்பட்ட பல போலிகளை அது காட்டிக்கொடுக்கும். விற்பவர் அதை ஓட்டிப் பார்க்க விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிராசஸரும் மதர்போர்டும்

சீட்டில் இருந்த ஐ9-க்கு வருவோம். 24 கோர்கள் கொண்ட வலுவான சில்லுதான். ஆனால் முழு வேகத்தில் 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும். எச்610 மதர்போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி பெரும்பாலும் சிறியது. சூடேறியதும் பிராசஸரின் வேகத்தைத் தானாகக் குறைத்துவிடும். பெயரில் உள்ள 'கே' என்ற எழுத்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியைக் குறிக்கிறது. அந்த வசதியும் எச்610-ல் வேலை செய்யாது. ஆக, கொடுத்த காசுக்கான வேகம் அந்த வீட்டுக்கு வந்து சேரவே போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் பலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருப்பது 2024-ல் வெளியே வந்தது. கம்ப்யூட்டர் காரணமில்லாமல் உறைந்து நிற்கும், கேம் பாதியில் மூடிக்கொள்ளும். நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே பழுதான சில்லை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது. இந்தத் தலைமுறையை வாங்குவோர் மதர்போர்டின் பயாஸை முதல் நாளே புதுப்பித்துவிட வேண்டும். பிரிக்கப்பட்ட பெட்டியில் வரும் சில்லை வாங்கவே கூடாது.

நாம் பரிந்துரைத்தது ஏஎம்டியின் ரைசன் 7 7700. எட்டு கோர்கள், 65 வாட் வகை; குளிர்விக்கும் விசிறியும் பெட்டியிலேயே வருகிறது. இது பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. ஏஎம்டி இந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையிலாவது ஆதரவு தருவதாக அறிவித்திருக்கிறது. அதாவது மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து மதர்போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. வீடியோவும் ரெண்டரும் தொழிலாகவே ஆகிவிட்டவருக்கு 12 கோர் கொண்ட ரைசன் 9 7900 பொருத்தமாக இருக்கும். கேமே பிரதானம் என்பவர்கள் 9800எக்ஸ்3டி என்ற சில்லின் பெயரை அடிக்கடி சொல்வார்கள். கேமுக்கு அது உண்மையிலேயே மிகச் சிறந்தது. ஆனால் அந்த விலைக்கு டிசைன் வேலைக்கு ஏற்ற அதிகக் கோர் சில்லுகள் கிடைக்கும்.

இன்டெல்லே வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதன் சில்லுகளில் உள்ள குயிக் சிங்க் வசதி, கேமராவிலிருந்து வரும் பல வகை வீடியோக்களை பிரீமியரில் தடங்கலின்றி ஓட வைக்கும். ஆனால் பெயரின் முடிவில் 'எஃப்' இருக்கும் சில்லில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. அதனால் குயிக் சிங்க்கும் இல்லை. கடைக்காரர் சில நூறு ரூபாய் குறைத்துத் தரும் ரகசியம் பல நேரம் இந்த ஓர் எழுத்தில்தான் இருக்கும்.

மதர்போர்டைப் பொறுத்தவரை பி650 அல்லது பி850 வகையில், நான்கு ரேம் இடங்களும் குறைந்தது இரண்டு எம்.2 இடங்களும், பிராசஸரைச் சுற்றி உலோக வெப்பத் தகடும் உள்ள ஒன்றை எடுத்தால் போதும். எக்ஸ்870இ போன்ற உயர் ரகங்களுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் வேலையில் எந்த வேகத்தையும் கூட்டாது.

ரேம், எஸ்எஸ்டி

ரேம் 32 ஜிபி, இரண்டு 16 ஜிபி குச்சிகளாக வாங்க வேண்டும். ஒரே குச்சி போட்டால் பாதை ஒன்றுதான். இரண்டு போட்டால் இரண்டு பாதை திறக்கும். நான்கு இடங்களில் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும் என்று பெரும்பாலான மதர்போர்டுகளின் கையேடு சொல்லும். டிடிஆர்5 ரேமில் நான்கு குச்சிகளையும் நிரப்பினால் வேகம் குறைந்துவிடும் என்பதால், பின்னால் 64 தேவைப்படும் என்று தெரிந்தால் இரண்டு 32 ஆகவே வாங்குவது நல்லது. ரைசனுக்கு 6000 வேகம் பொருத்தம். ஆனால் பெட்டியில் 6000 என்று இருந்தாலும், பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் அந்த வேகம் வரும். இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

2025-ன் கடைசியில் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் அந்தப் பக்கம் திருப்பப்பட்டதே காரணம். ஆகவே பழைய வீடியோக்களில் சொல்லும் ரேம் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கை கடித்தால் இப்போதைக்கு ஒரே 16 ஜிபி குச்சி வாங்கி, அதே மாடலில் இன்னொன்றைப் பின்னர் சேர்க்கலாம். நாம் குறை சொன்ன அந்தச் சீட்டிலும் ஒரு குச்சிதான் இருந்தது என்பது உண்மை. ஐ9-க்குக் காசு இருந்த இடத்தில் ரேமுக்கு இல்லாமல் போனதைத்தான் குறை சொன்னோம்.

சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 550 அளவில். பிசிஐஇ 4 வகை என்விஎம்இ 7000 வரை. அதற்கு மேலான பிசிஐஇ 5 வகை கேமிலோ டிசைனிலோ கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தராது, சூடு மட்டும் தெரியும். விவரப் பக்கத்தில் டிஎல்சி என்று இருப்பதை எடுங்கள். கியூஎல்சி என்பது மலிவு, பெரிய வீடியோ கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது மூச்சு வாங்கும். வாடிக்கையாளரின் கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்கத் தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். ஒரு திருமண வீடியோவைத் தொலைத்துவிட்டு அந்தக் குடும்பத்தின் முன் நிற்பது எளிதல்ல.

எஸ்எம்பிஎஸ்: நாம் பட்ட பாடு

பல ஆண்டுகளுக்கு முன் நமது இதழின் பக்க வடிவமைப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். எல்லாப் பாகத்தையும் விசாரித்து வாங்கிய நாம், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பெட்டியோடு இலவசமாக வந்ததையே போட்டுக்கொண்டோம். ஆண்டு மலர் அச்சுக்குப் போவதற்கு முந்தைய இரவு, ஒரு சிறு வெடிச்சத்தம், பிறகு கருகிய வாடை. அது போனது மட்டுமல்ல. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. எண்பது பக்கங்களை மறுபடியும் கோர்த்தோம். மலர் மூன்று வாரம் தாமதமாக வந்தது. விளம்பரம் தந்தவர்களில் சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இலவசமாக வந்த பாகத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

கணக்கு எளிமையானது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட். ரைசன் 7 7700 முழு வேகத்தில் 90 வாட்டை ஒட்டி. மற்றவை எல்லாம் சேர்த்து 60, 70 வாட். ஆக 350-க்குள். கிராபிக்ஸ் கார்டு ஒரு நொடியில் ஒரு சிறு பகுதிக்குத் திடீரென்று அதிகமாக இழுக்கும் என்பதால் இடம் விட்டு 650 வாட் வாங்குகிறோம். பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் "600 வாட்" என்று ஒட்டியிருப்பது வெறும் ஒட்டுத்தாள். அதனால் தொடர்ந்து தர முடிவது அதில் பாதியாகக்கூட இருக்கலாம். '80 பிளஸ்' முத்திரையில் கோல்டு தரம் பாருங்கள். அந்த முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதை மட்டுமே, பாதுகாப்பை அல்ல. அதனால் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்து, ஏழு, பத்து ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனம் உள்ளே மட்டமான பொருளைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பெரிய கார்டுகளில் வரும் 16 பின் இணைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த இணைப்பு உருகியது பெரும் செய்தியானது. முழுவதும் உள்ளே போகாமல் செருகியது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. செருகிய பின் இடைவெளி தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். செருகிய இடத்தருகே கேபிளை மடக்காதீர்கள்.

நமது ஊர்களில் மின்சாரம் போய் வருவதும், மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் தெரிந்ததே. 1000 விஏ அளவில் ஒரு யுபிஎஸ் வைத்தால் வேலையைச் சேமித்து அணைக்கும் நேரம் கிடைக்கும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், அதில் 'யுபிஎஸ் மோட்' பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிளக்கில் எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை அழைத்துச் சோதிப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

வெப்பமும் உப்புக் காற்றும்

கேபினட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். ஏசி இல்லாத அறையில் மே மாதம் ஓட வேண்டிய பெட்டி இது. முன்னே இரண்டு விசிறி காற்றை உள்ளே இழுக்க, பின்னே ஒன்று வெளியே தள்ள. விளக்குகளுக்குப் பதில் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உப்பு ஈரம் உலோக முனைகளை மெல்ல மெல்ல அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகக் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். விடுமுறையில் மாதக்கணக்கில் மூடி வைப்பதை விட, வாரம் ஒருமுறையாவது ஓட்டினால் உள்ளிருக்கும் ஈரம் உலரும்.

மானிட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

டிசைன் செய்பவர் பார்ப்பது மானிட்டரை மட்டுமே. பட்டியலின் கடைசி வரியில் மீதமிருக்கும் காசுக்கு ஏதோ ஒன்று என்று எழுதப்படுவதும் மானிட்டர்தான். 27 அங்குலம், 2560க்கு 1440 புள்ளிகள், ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் 100 சதவீதத்தை ஒட்டி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். இந்த ஒரே மானிட்டர் இரண்டு வேலைக்கும் போதும்.

"திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் மங்கிவிட்டது" என்ற புகாரை அச்சகத்தில் அடிக்கடி கேட்கலாம். பெரும்பாலும் குற்றவாளி அச்சகம் அல்ல. மானிட்டர் ஒளியை முழுதாக ஏற்றி வைத்து வேலை செய்திருப்பார்கள். தாள் தானாக ஒளிர்வதில்லை. அச்சுக்கான வேலையில் ஒளியை நன்றாகக் குறைத்து, வெள்ளைத் தாளை அருகில் வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். திரையின் பளீர் ஊதாவும் மின்னும் பச்சையும் சிஎம்ஒய்கே மையில் அப்படியே வராது என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு சின்னத் தவறுகளைப் பல வீடுகளில் பார்க்கிறோம். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, வாங்கிய கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடப்பது ஒன்று. கேபிள் கார்டில்தான் போக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் வாங்கிவிட்டு விண்டோஸ் அமைப்பில் 60-லேயே ஓட்டுவது இன்னொன்று.

வாங்கும் முறை

சென்னை ரிச்சி தெருவோ, உங்கள் ஊர்க் கடையோ, இணையமோ, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் எண் இரண்டும் வேண்டும். "பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். மூன்று ஆண்டு உத்தரவாதத்தையும் அந்த 18 சதவீதத்தோடு சேர்த்தே இழக்கிறீர்கள். பாகங்களைக் கடையிலேயே பெட்டி பிரித்துப் பூட்டச் சொல்லி அருகில் நில்லுங்கள். காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

துபாயிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பாவிடம் கிராபிக்ஸ் கார்டு வாங்கி வரச் சொல்லும் பிள்ளைகள் நிறைய. விலை குறைவாக இருக்கலாம். ஆனால் பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு மட்டுமே செல்லும். பழுதானால் கார்டு மறுபடி கடல் தாண்ட வேண்டும். சுங்க வரம்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே சொல்லி அனுப்புங்கள்.

பணம் மொத்தமாக இல்லை என்பதற்காக வட்டித் தவணைக்குள் போக வேண்டியதில்லை. டெஸ்க்டாப்பின் பெரிய சௌகரியமே அதைக் கட்டம் கட்டமாக வாங்கலாம் என்பதுதான். ரைசன் 7 7700-க்குள் சிறிய கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கார்டு இல்லாமலே முதல் ஆறு மாதம் ஃபோட்டோஷாப்பும் அழைப்பிதழ் வேலையும் நடக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் முதலிலேயே 650 வாட்டாக வாங்கிவிட்டால், கார்டு பின்னால் வந்து சேரும்.

மென்பொருள் செலவையும் மறக்காதீர்கள். உடைக்கப்பட்ட மென்பொருளைக் கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தருவார். பிறர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பது என்பது ஒருபுறம். அதோடு வரும் வைரஸ் வாடிக்கையாளரின் கோப்புகளைப் பூட்டிவிடும் அபாயம் மறுபுறம். பிளெண்டர், கிரிட்டா, இங்க்ஸ்கேப் முற்றிலும் இலவசம். டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' என்ற லாட்வியப் படம் பிளெண்டரில் உருவானது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், புதிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 உரிமத்தோடு போடுங்கள்.

அந்தத் தந்தை திருத்திய சீட்டோடு அதே கடைக்குப் போனார். ஐ9 போய் ரைசன் 7 வந்தது. மிஞ்சிய பணம் 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் 32 ஜிபி ரேமுக்கும் 27 அங்குல மானிட்டருக்கும் போனது. 16 ஜிபி கார்டை ஆறு மாதம் கழித்து, மகனின் வேலையில் வரும் காசையும் சேர்த்து வாங்குவதாக வீட்டில் பேசிக்கொண்டார்கள். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தாராம், பிறகு "இதை உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டாராம்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த முதல் இரவில் செய்ய வேண்டியவற்றையும் அவரிடம் எழுதிக் கொடுத்தோம்: பயாஸைப் புதுப்பித்து எக்ஸ்போவை இயக்குவது, சிபியு-இசட்டில் பிராசஸர், ரேம் பெயர்கள் பில்லோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, ஒரு மணி நேரம் பெரிய வேலை ஒன்றை ஓட்டி, பிராசஸர் 95 டிகிரியில் போய் ஒட்டிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்வது. கார்டு வரும் நாளில் ஜிபியு-இசட்டையும் ஓட்டி, அது 85 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பில்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காலிப் பெட்டிகளை மூன்று ஆண்டுகளுக்குப் பரணிலேயே விட்டுவிடுங்கள்.